பட்டியலில் எத்தனை பேர்? ஒக்டேவ் மென்பொருளில் லூப் எழுதுவது பற்றி

நான் கிளிநொச்சியில் உயர்தர மாணவர்களுக்குக் கணிதம் படிப்பிப்பவன். சில ஆண்டுகளுக்கு முன்னர் ஒரு ஞாயிற்றுக்கிழமை ரியூசன் முடிந்து மாணவர்கள் போனபிறகு, காணாமல் ஆக்கப்பட்டவர்களின் தாய்மார் மூன்று பேர் வந்தார்கள். அவர்களிடம் இரண்டு பட்டியல்கள் இருந்தன. ஒன்று உறவுகள் வீடு வீடாகப் போய்த் தாங்களே எழுதியது. மற்றையது வெவ்வேறு அலுவலகங்களுக்குக் கொடுத்த முறைப்பாடுகளின் பிரதிகளைப் பார்த்துத் தட்டச்சு செய்தது. சில பெயர்கள் இரண்டிலும் இருந்தன. சில பெயர்கள் ஒரே பட்டியலில் மூன்று தடவை இருந்தன.

"தம்பி, இதில எத்தினை பேர் இருக்கினம் எண்டு சரியா எண்ணித் தாங்கோ" என்றார் ஒரு அம்மா.

ஒரு நாள் வேலை என்று நினைத்து வாங்கினேன். நான்கு மாதங்கள் எடுத்தன. அந்த நான்கு மாதத்தில் நான் செய்த பிழைகளையும் கற்றுக்கொண்டவற்றையும் இங்கே எழுதுகிறேன். பட்டியல் வைத்திருக்கும் அமைப்புகளுக்கும், கணினி தெரிந்த இளைய பிள்ளைகளுக்கும் இது உதவக்கூடும். கணினி தெரியாதவர்களும் வாசிக்கலாம். உங்கள் பிள்ளையின் பெயர் ஒரு கணினிக்குள் போனால் அதற்கு என்ன நடக்கிறது என்பதை நீங்களும் அறிந்திருக்க வேண்டும்.

கழித்தல் கணக்கும் பெயர்க் கணக்கும்

எங்கள் இழப்பைச் சொல்லும் எண்கள் பல உள்ளன. மன்னார் ஆயர் இராயப்பு ஜோசப் ஆண்டகை 2011 ஜனவரியில் கற்றுக்கொண்ட பாடங்கள் மற்றும் நல்லிணக்க ஆணைக்குழுவின் முன் வைத்த கணக்கு எல்லோருக்கும் தெரிந்தது. 2008 ஒக்டோபரில் கச்சேரிப் பதிவுகளின்படி வன்னியில் இருந்தவர்கள் 429,059 பேர். 2009 ஜூலை வரை அரச கட்டுப்பாட்டுப் பகுதிக்குள் வந்தவர்கள் 282,380 பேர். மிகுதி 146,679 பேருக்கு என்ன நடந்தது என்று அவர் கேட்டார். ஐக்கிய நாடுகள் செயலாளர் நாயகத்தின் நிபுணர் குழு 2011 இல், இறுதிக் கட்டத்தில் 40,000 வரையான பொதுமக்கள் கொல்லப்பட்டிருக்கக்கூடும் என்பதை மறுக்க முடியாது என்றது. 2012 இல் வெளியான ஐ.நா.வின் உள்ளக மீளாய்வு, 70,000 இற்கும் மேற்பட்டோர் கணக்கில் வரவில்லை எனும் தகவல்களைக் குறிப்பிட்டது.

ஆயரின் கணக்கு ஒரு கழித்தல். அது கேட்கும் கேள்வி பெரியது, நியாயமானது. ஆனால் கழித்தலில் பெயர்கள் இல்லை. பெயர்களிலிருந்து தொடங்கும் கணக்கு வேறு வகையானது. ஒவ்வொரு பெயரையும் எடுத்து, மற்ற ஒவ்வொரு பெயரோடும் ஒப்பிட்டு, இவர் ஒருவரா, இருவரா என்று கேட்க வேண்டும். ஒரே வேலையைத் திரும்பத் திரும்பச் செய்யும் இந்த இடத்தில்தான் கணினியின் லூப் வருகிறது.

ஒக்டேவ் என்றால் என்ன?

கணித வேலைக்கென்று உருவாகி, பல்கலைக்கழகங்கள் பரவலாகப் பயன்படுத்தும் மென்பொருள்களில் ஒன்று மற்லாப். கிளீவ் மோலர் என்ற கணிதப் பேராசிரியர் 1970களின் பிற்பகுதியில் தன் மாணவர்களுக்காக எழுதியது அது. 1984 இல் ஒரு நிறுவனத்தின் விற்பனைப் பொருளானது. அதற்குப் பணம் கட்ட வேண்டும். ஏறத்தாழ அதே மொழியில் இயங்கும் இலவச மென்பொருள்தான் ஒக்டேவ். ஜோன் ஈட்டன் 1992 இல் அதை எழுதத் தொடங்கினார். பெயரைப் பார்த்து இசையோடு தொடர்புள்ளது என்று பலர் நினைப்பதுண்டு. உண்மையில் அது ஈட்டனின் இரசாயனப் பொறியியல் ஆசிரியரான ஒக்டேவ் லெவன்ஸ்பீலின் பெயர்.

எனக்கு ஒக்டேவ் பிடித்ததற்கு இரண்டு காரணங்கள். பழைய மடிக்கணினியிலும் ஓடும். ஒருமுறை நிறுவிவிட்டால் இணையம் தேவையில்லை. எங்கள் பட்டியல் போன்ற ஒன்றை யாருடையதோ ஒரு சேவையகத்தில் ஏற்றாமல், வீட்டு மேசையிலேயே வைத்து வேலை செய்யலாம். இரண்டாவது காரணம்தான் முக்கியம்.

கட்டளைகளை ஆங்கில எழுத்தில்தான் தட்டச்சு செய்ய வேண்டும். இங்கே அவற்றின் ஒலிப்பை மட்டும் தமிழில் தருகிறேன்.

ஃபோர், வைல்

லூப் என்பது சில கட்டளைகளைத் திரும்பத் திரும்பச் செய்யச் சொல்வது. தமிழில் சுழற்சி எனலாம். ஒக்டேவில் இரண்டு வகைகளை அதிகம் பயன்படுத்துவோம்.

எத்தனை தடவை சுற்ற வேண்டும் என்று முன்னரே தெரிந்தால் ஃபோர். பட்டியலில் 300 பெயர்கள் என்றால், "ஐ என்பது 1 இலிருந்து 300 வரை" என்று ஃபோர் வரியில் எழுதி, அதன் கீழே ஒவ்வொரு பெயருக்கும் செய்ய வேண்டியதை எழுதி, கடைசியில் எண்ட் போட்டு முடிக்க வேண்டும். ஐ முதலில் 1 ஆகும், பிறகு 2, பிறகு 3. சில கணினி மொழிகள் 0 இலிருந்து எண்ணத் தொடங்கும். ஒக்டேவும் மற்லாப்பும் நாங்கள் எண்ணுவதுபோல 1 இலிருந்து தொடங்குகின்றன.

எத்தனை தடவை என்று தெரியாவிட்டால் வைல். "இந்த நிபந்தனை உண்மையாக இருக்கும்வரை சுற்று" என்பது அதன் பொருள். வைல் லூப்பில் ஓர் ஆபத்து உண்டு. நிபந்தனை ஒருபோதும் பொய்யாகாவிட்டால் அது நிற்காது. என் மாணவர்களுக்கு நான் காட்டும் உதாரணம் இது. 0 இல் தொடங்கி ஒவ்வொரு சுற்றிலும் 0.1 ஐக் கூட்டு, கூட்டுத்தொகை 1 இற்குச் சமமாகாதவரை சுற்று. பத்துச் சுற்றில் நிற்க வேண்டும் என்றுதான் எல்லோரும் சொல்வார்கள். அது நிற்காது. 0.1 ஐக் கணினியால் இரும எண்ணாகச் சரியாக எழுத முடியாது. பத்துத் தடவை கூட்டினால் 1 இற்கு மிகச் சிறிய அளவு குறைவாக வரும், 1 வராது. ஆகவே தசம எண்களைச் சமமா என்று கேட்காதீர்கள். வித்தியாசம் மிகச் சிறியதா என்று கேளுங்கள்.

லூப்புக்குள் லூப்

ஒவ்வொரு பெயரையும் மற்ற ஒவ்வொரு பெயரோடும் ஒப்பிட, ஒரு ஃபோருக்குள் இன்னொரு ஃபோர் வேண்டும். வெளி லூப்பில் ஐ, உள் லூப்பில் ஜே என்று வைத்துக்கொள்வோம்.

ஐ: 1 இலிருந்து கடைசிப் பெயர் வரை
ஜே: ஐ + 1 இலிருந்து கடைசிப் பெயர் வரை
ஐ ஆவது பெயரும் ஜே ஆவது பெயரும் ஒத்துப்போனால், அந்தச் சோடியைக் குறித்துக்கொள்

ஜே ஏன் ஐ + 1 இலிருந்து தொடங்குகிறது? 1 இலிருந்து தொடங்கினால் ஒவ்வொருவரும் தன்னோடு தானே ஒப்பிடப்படுவார். ஒவ்வொரு சோடியும் இரண்டு தடவை வரும். ஐ + 1 என்று எழுதினால் ஒரு சோடி ஒரு தடவைதான் வரும்.

பெயர்கள் கூடக்கூடச் சோடிகள் மிக வேகமாகப் பெருகும். 1,000 பெயர்களுக்கு 499,500 சோடிகள். 20,000 பெயர்களுக்கு 199,990,000 சோடிகள். மனிதர் உட்கார்ந்து பார்க்கக்கூடிய வேலையல்ல இது.

எண்ணிக்கை சரி, ஆட்கள் பிழை

என் முதலாவது பெரிய பிழை, திரும்ப வந்த பெயர்களை நீக்கும்போது நடந்தது. நீக்க வேண்டிய வரிசை எண்களை ஒரு நிரலில் எடுத்து, ஒரு ஃபோர் லூப்பில் ஒவ்வொன்றாக நீக்கினேன். ஓடி முடிந்தது. பிழைச் செய்தி எதுவும் வரவில்லை. மிஞ்சிய பெயர்களின் எண்ணிக்கையும் நான் எதிர்பார்த்தபடியே இருந்தது.

அந்தப் பட்டியலில் என் அண்ணாவின் பெயரும் இருக்க வேண்டும். வேறு காரணம் எதுவும் இல்லாமல், அவரைத் தேடிப் பார்த்தேன். அவர் இல்லை.

நடந்தது இதுதான். நீக்க வேண்டியவை 10 ஆம், 25 ஆம் வரிசைகள் என்று வைத்துக்கொள்ளுங்கள். 10 ஆம் வரிசையை நீக்கியவுடன் கீழே உள்ள எல்லோரும் ஒரு படி மேலே ஏறிவிடுகிறார்கள். 25 இல் இருந்தவர் 24 இற்குப் போய்விட்டார். 26 இல் இருந்தவர் 25 இல் வந்து நிற்கிறார். லூப் அடுத்து 25 ஐ நீக்குகிறது. திரும்ப வந்த பெயர் தப்பிவிடுகிறது. ஒரே ஒரு தடவை மட்டும் இருந்த ஒருவர் போய்விடுகிறார். நீக்கப்பட்டவர்களின் தொகை மாறாததால் எண்ணிக்கையைப் பார்த்து இந்தப் பிழையைக் கண்டுபிடிக்கவே முடியாது.

இதற்கு நிரலாக்கத்தில் வழக்கமான தீர்வுகள் உண்டு. கீழிருந்து மேலாக நீக்கலாம். அல்லது எல்லா வரிசைகளையும் ஒரே கட்டளையில் நீக்கலாம். நான் அதற்குப் பிறகு எதையும் நீக்குவதே இல்லை. பக்கத்தில் இன்னொரு நிரல் வைத்து, "இது இன்ன வரிசையில் உள்ளவராக இருக்கலாம்" என்று குறித்து வைக்கிறேன். மூலப் பட்டியல் ஒருபோதும் மாறாது. ஒவ்வொரு ஓட்டத்துக்குப் பிறகும், நன்றாகத் தெரிந்த பத்துப் பேரைப் பெயர் சொல்லித் தேடிப் பார்க்கிறேன்.

ஒரே பெயர், பல எழுத்து

அடுத்த சிக்கல், இரண்டு பெயர்கள் ஒத்துப்போகின்றன என்று எப்படிச் சொல்வது என்பது. ஒக்டேவில் இரண்டு சொற்களும் ஒன்றா என்று பார்க்க நேரடிக் கட்டளை உண்டு. ஆனால் அது எழுத்துக்கு எழுத்து ஒன்றாக இருந்தால் மட்டுமே ஆம் என்று சொல்லும். எங்கள் பெயர்கள் அப்படி எழுதப்படுவதில்லை. ரவிச்சந்திரன் இன்னொரு படிவத்தில் இரவிச்சந்திரன். சிவராஜா இன்னொன்றில் சிவராசா. தகப்பன் பெயர் ஓரிடத்தில் முழுமையாக, ஓரிடத்தில் முதலெழுத்தாக, ஓரிடத்தில் இல்லவே இல்லை. தமிழில் சொன்னதைச் சிங்களத்தில் எழுதி, அதை ஆங்கிலத்துக்கு மாற்றி, திரும்பத் தமிழுக்குக் கொண்டுவந்த பெயர்களும் உண்டு.

இதற்கு உதவுவது திருத்தத் தூரம் என்ற அளவு. சோவியத் கணிதவியலாளர் விளாடிமிர் லெவன்ஸ்டைன் 1965 இல் வெளியிட்டது. ஒரு சொல்லை இன்னொரு சொல்லாக மாற்றக் குறைந்தது எத்தனை எழுத்துகளைச் சேர்க்க, நீக்க, அல்லது மாற்ற வேண்டும் என்பதே அது. ரவிச்சந்திரனுக்கு முன்னால் இ சேர்த்தால் இரவிச்சந்திரன். தூரம் 1.

இதைக் கணிப்பதும் லூப்புக்குள் லூப்தான். முதற்சொல்லின் எழுத்துகளை நிரையாகவும் இரண்டாம் சொல்லின் எழுத்துகளை நிரலாகவும் வைத்து ஓர் அட்டவணை போடுவோம். முதல் நிரையிலும் முதல் நிரலிலும் 0, 1, 2 என்று எழுதுவோம். பிறகு ஒவ்வொரு கட்டத்துக்கும் மூன்று எண்களைப் பார்ப்போம். மேலே உள்ளதோடு 1 கூட்டியது, இடப்பக்கம் உள்ளதோடு 1 கூட்டியது, மூலைவிட்டத்தில் உள்ளதோடு எழுத்துகள் ஒன்றானால் 0 உம் வேறானால் 1 உம் கூட்டியது. மூன்றில் சிறியதை எழுதுவோம். வலது கீழ் மூலையில் வருவதுதான் விடை. கொப்பியில் ஒருமுறை கையால் செய்து பாருங்கள், நன்றாகப் புரியும்.

தமிழுக்கென்று ஓர் எச்சரிக்கை. நிமலன் என்ற பெயரில் எத்தனை எழுத்து? நி, ம, ல, ன் என்று நாங்கள் நான்கு சொல்வோம். யூனிகோட் கணக்கில் இகரக் குறியும் புள்ளியும் தனியாக வருவதால் ஆறு. ஒக்டேவிடம் நீளம் கேட்டால் 18 என்று சொல்லும். அது பைட்டுகளை எண்ணுகிறது. ஒவ்வொரு தமிழ்க் குறிக்கும் மூன்று பைட். இதைத் திருத்தாமல் தூரம் கணித்தால், இ சேர்ந்த இரவிச்சந்திரனுக்கும் ரவிச்சந்திரனுக்கும் தூரம் 3 ஆகிவிடும். ஆனால் நிமலனுக்கும் விமலனுக்கும் தூரம் 1 தான், ஏனென்றால் ந வும் வ வும் ஒரு பைட்டில்தான் வேறுபடுகின்றன. ஒரே ஆள் இரண்டு பேராகவும், இரண்டு பேர் ஒரே ஆளாகவும் தெரிவார்கள். ஆகவே முதலில் பெயரை யூனிகோட் எண்களாக மாற்றிவிட்டு, அந்த எண்களின் மீது லூப்பை ஓட்டுங்கள்.

நிமலனும் விமலனும்

அப்படித் திருத்திய பிறகும் நிமலனுக்கும் விமலனுக்கும் தூரம் 1. இரவிச்சந்திரனுக்கும் ரவிச்சந்திரனுக்கும் தூரம் 1. கணினிக்கு இரண்டும் ஒன்றே.

இவை என் பட்டியலில் இருந்த உண்மைப் பெயர்கள் அல்ல. ஆனால் சம்பவம் உண்மை. ஒரே எழுத்தில் வேறுபட்ட இரண்டு பெயர்கள், ஒன்று முதற்பட்டியலில், மற்றது இரண்டாவதில். தகப்பன் பெயர் ஒன்று. கிராமம் ஒன்று. கடைசியாகக் கண்ட இடமும் மாதமும் ஒன்று. ஒரு பட்டியலில் பிறந்த திகதி இல்லை. தூரம் 1 என்றால் ஒரே ஆள் என்று நான் வைத்திருந்த விதிப்படி லூப் அவர்களை ஒருவராக்கிவிட்டது. நானும் எழுத்துப்பிழை என்றுதான் நினைத்தேன்.

ஐயம் தீர்க்க அந்த அம்மாவைத் தேடிப் போனேன்.

"ரெண்டு பேரும் என்ர பிள்ளையள் தம்பி. மூத்தவன், இளையவன். ஒரு குடும்பத்துக்கு ஒரு படிவந்தான் எண்டு அங்க சொல்லிப்போட்டினம். அதால மூத்தவனை அங்க குடுத்தன். இளையவனை இஞ்ச வந்த பிள்ளையளிட்ட எழுதிவிட்டன்."

எந்த அலுவலகம் என்பது இங்கே தேவையில்லை. என் லூப்பும் அதே வேலையைத்தான் செய்திருந்தது. அன்றிலிருந்து கணினியின் தீர்ப்பை மூன்று வகையாகப் பிரித்தேன். அடையாள அட்டை இலக்கம் ஒன்றாக இருந்தால், அல்லது பெயர், தகப்பன் பெயர், பிறந்த திகதி மூன்றும் பொருந்தினால், ஒரே ஆள். எதுவுமே பொருந்தாவிட்டால் வேறு ஆட்கள். இடையில் உள்ள ஒவ்வொரு சோடியையும் உறவினரிடம் கேட்டே தீர்மானிப்பது. நான்கு மாதங்களில் பெரும்பகுதி இதற்குத்தான் போனது.

இன்னொரு பொறியும் உண்டு. முதலாவது பெயர் இரண்டாவதோடு பொருந்துகிறது, இரண்டாவது மூன்றாவதோடு பொருந்துகிறது, ஆனால் முதலாவதும் மூன்றாவதும் வெகு தூரம். இப்படிப்பட்டவர்களைக் குழுக்களாகச் சேர்க்க வைல் லூப் பயன்படும். எந்தக் குழுவும் மாறாத சுற்று வரும்வரை சுற்றச் சொல்ல வேண்டும். ஆனால் சங்கிலி நீண்டால் முன்பின் அறியாத பலர் ஒரே ஆளாகிவிடுவார்கள். மூன்று பெயருக்கு மேல் உள்ள குழுக்களை நான் கண்ணால் பார்க்காமல் விடுவதில்லை.

எந்தப் பட்டியலிலும் இல்லாதவர்கள்

இரண்டு பட்டியலிலும் யார் யார் இருக்கிறார்கள் என்று தெரிந்தால், எதிலும் இல்லாதவர்களைப் பற்றியும் ஓரளவு சொல்ல முடியும். குளத்து மீன்களை எண்ண உயிரியலாளர்கள் பயன்படுத்தும் வழி இது. கணக்குக் காட்டுவதற்காக மட்டும் சில எண்களை எடுப்போம்.

முதற்பட்டியலில் 240 பேர். இரண்டாவதில் 180 பேர். இரண்டிலும் இருப்பவர்கள் 108 பேர். இரண்டாவது பட்டியலில் உள்ள 180 பேரில் 108 பேரை, அதாவது 60 சதவீதமானோரை, முதற்பட்டியல் பிடித்திருக்கிறது. எல்லோரிலும் 60 சதவீதத்தையே அது பிடித்தது என்றால், 240 என்பது மொத்தத்தின் 60 சதவீதம். மொத்தம் 400. பட்டியல்களில் இருக்கும் வெவ்வேறு ஆட்கள் 312. எதிலும் இல்லாதவர்கள் ஏறத்தாழ 88 பேர்.

இப்போது பெயர் ஒப்பிடுவதில் வரும் பிழையின் விலையைப் பாருங்கள். எழுத்து வித்தியாசத்தால் 18 பொருத்தங்களைத் தவறவிட்டால் 108 என்பது 90 ஆகும். மொத்தம் 480 என்று வரும். இல்லாத 80 பேர் கூடிவிட்டார்கள். மாறாக, அண்ணன் தம்பிகளை ஒருவராக்கி 12 பொருத்தங்களைக் கூட்டிவிட்டால் 120 ஆகும். மொத்தம் 360. இருந்த 40 பேர் அழிந்துவிட்டார்கள். முதலாவது பிழை, "பொய் சொல்கிறார்கள்" என்று சொல்லக் காத்திருப்பவர்களுக்கு ஆதாரமாகிறது. இரண்டாவது பிழை பிள்ளைகளை இன்னொருமுறை காணாமல் ஆக்குகிறது.

இந்த மதிப்பீடு எவ்வளவு ஆடும் என்பதையும் லூப் சொல்லும். 400 பேரைக் கணினிக்குள் உருவாக்கி, ஒவ்வொருவரும் முதற்பட்டியலில் வரும் வாய்ப்பு 60 சதவீதம், இரண்டாவதில் வரும் வாய்ப்பு 45 சதவீதம் என்று வைத்து, தற்செயல் எண்களால் 10,000 தடவை இதைச் செய்து பார்க்கலாம். ஒவ்வொரு தடவையும் மதிப்பீடு சற்று மாறும். அவற்றில் 95 சதவீதமானவை ஏறத்தாழ 365 இற்கும் 440 இற்கும் இடையில் விழும். ஆகவே 400 என்று மட்டும் சொல்வது நேர்மையல்ல. இந்த இடைவெளியையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

இரண்டு பட்டியல்களும் ஒன்றிலொன்று தங்கியிராதவை என்ற எடுகோளில்தான் இது நிற்கிறது. எங்கள் நிலை அப்படியல்ல. தேடுவதற்கு ஒரு தாயோ மனைவியோ உயிரோடிருப்பவர்களின் பெயர் எல்லாப் பட்டியலிலும் வரும். குடும்பமாகவே இல்லாமற்போனவர்கள் எதிலும் வரமாட்டார்கள். அப்போது இந்தக் கணக்கு உண்மையை விடக் குறைவாகவே சொல்லும். இதனால்தான் நிபுணர்கள் மூன்று, நான்கு பட்டியல்களை வைத்து வேறு முறைகளில் கணிக்கிறார்கள்.

இந்த முறை பெரிய இடங்களில் நின்றிருக்கிறது. பெருவின் உண்மை மற்றும் நல்லிணக்க ஆணைக்குழுவுக்குப் பெயரோடு கிடைத்தவர்கள் ஏறத்தாழ 24,000 பேர். பட்டியல்களை ஒப்பிட்டு, 1980 இலிருந்து 2000 வரை கொல்லப்பட்டோரும் காணாமற்போனோரும் 69,280 என்று 2003 இல் அது மதிப்பிட்டது. கொசோவோ கொலைகள் பற்றிய இத்தகைய ஆய்வைச் செய்த பற்றிக் போல் 2002 இல் ஹேக் நகரில் சாட்சியமளித்தபோது, மிலோசெவிச்சே அவரைக் குறுக்கு விசாரணை செய்தார். அதே பற்றிக் போலும் பிரான்செஸ் ஹரிசனும் 2018 இறுதியில் எங்களைப் பற்றியும் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். 2009 மே 17 இலிருந்து 19 வரையான மூன்று நாட்களில் இராணுவத்திடம் சரணடைந்த பின் காணாமல் ஆக்கப்பட்டவர்கள் ஏறத்தாழ 500 பேர் என்று, பல பட்டியல்களை ஒப்பிட்டு அது மதிப்பிட்டது. உறவுகள் எழுதிவைத்த பெயர்கள் இல்லாமல் அப்படியொரு ஆய்வு சாத்தியமாகியிருக்காது.

வேகம் பற்றிச் சில குறிப்புகள்

ஒக்டேவில் லூப் மெதுவானது. ஒவ்வொரு சுற்றிலும் ஒவ்வொரு வரியையும் அது புதிதாக வாசித்துச் செய்கிறது. ஆகவே முடிந்த இடங்களில் லூப்பைத் தவிர்க்கலாம். ஒரு பெயரை முழுப் பட்டியலோடும் ஒரே கட்டளையில் ஒப்பிடலாம், உள் லூப் தேவையில்லை. 400 தற்செயல் எண்களையும் ஒரே கட்டளையில் பெறலாம். திருத்தத் தூரம் போல, ஒரு கட்டத்தின் விடை முந்தைய கட்டத்தில் தங்கியிருக்கும் வேலைகளுக்கு லூப்தான் நேரான வழி. விடைகளைச் சேமிக்கும் அட்டவணையை முதலிலேயே முழு அளவில் பூச்சியங்களால் நிரப்பி வையுங்கள். ஒவ்வொரு சுற்றிலும் ஒரு வரிசை கூட்டினால் நேரம் வீணாகும்.

பெரிய பட்டியலைப் பிரித்தும் செய்யலாம். 20,000 பெயர்களை வடக்கு, கிழக்கின் 8 மாவட்டங்களுக்கும் சமமாகப் பிரித்தால் ஒப்பிட வேண்டிய சோடிகள் 24,990,000 ஆகக் குறையும். ஆனால் முல்லைத்தீவில் பிறந்து, வவுனியா முகாமில் இருந்துகொண்டு முறைப்பாடு கொடுத்தவர்களை இந்தப் பிரிப்பு தவறவிடும். எனவே பிறந்த ஆண்டால் பிரித்து இரண்டாம் தடவையும் ஓட்ட வேண்டும்.

குடும்பங்களுக்கு

இனி எங்கே பெயர் கொடுத்தாலும் இவற்றைக் கவனியுங்கள். முழுப்பெயரையும் தகப்பனின் முழுப்பெயரையும் எழுதுங்கள், முதலெழுத்து போதாது. தமிழிலும் ஆங்கிலத்திலும் நீங்களே எழுதிக் கொடுங்கள், இயலுமானால் சிங்களத்திலும். அடையாள அட்டை இலக்கம் இருந்தால் கட்டாயம் எழுதுங்கள். அப்போது பதினாறு வயதாகாத பிள்ளைகளுக்கு அது இருந்திராது, ஆகவே பிறப்புச் சான்றிதழில் உள்ள திகதியை எழுதுங்கள். கடைசியாகக் கண்ட இடம், நாள், கூட இருந்தவர்களைக் குறியுங்கள். இரண்டு பிள்ளைகள் என்றால் இரண்டு படிவங்கள் கேளுங்கள். பிரதியில் திகதியும் எங்கே கொடுத்தது என்பதும் இருக்கட்டும்.

பட்டியல் வைத்திருப்பவர்கள் குடும்பத்தின் சம்மதமின்றி எதையும் பகிர வேண்டாம். கணினிக் கோப்பைக் கடவுச்சொல்லால் பூட்டுங்கள். வேலை செய்யும் பிரதியில் பெயருக்குப் பதிலாக ஓர் இலக்கத்தை வைத்து, பெயரும் இலக்கமும் உள்ள கோப்பைத் தனியாக வையுங்கள்.

கடைசியில் அந்தத் தாய்மாரிடம் நான் ஓர் எண்ணைக் கொடுக்கவில்லை. உறுதியாக வெவ்வேறு ஆட்கள் இத்தனை, இன்னும் தீர்மானிக்க முடியாத சோடிகள் இத்தனை, எதிலும் இல்லாமல் இருக்கக்கூடியவர்கள் இவ்வளவிலிருந்து இவ்வளவு வரை என்று மூன்றாக எழுதிக் கொடுத்தேன். ஓர் எண்ணைத்தான் அவர்கள் எதிர்பார்த்தார்கள். ஏன் மூன்று என்று விளக்க அரை மணித்தியாலம் ஆனது.

அந்த இரண்டு பிள்ளைகளின் அம்மா கடைசியாகக் கேட்டது வேறு. "ரெண்டு பேரையும் தனித்தனியா எழுதிப்போட்டீங்களோ?"

மடிக்கணினியைத் திருப்பி, இரண்டு வரிசைகளையும் காட்டினேன். அவர் திரையில் விரலை வைத்து இரண்டு பெயர்களையும் வாசித்தார். இளையவனின் பெயரில் ஒரு எழுத்துப் பிழை இருப்பதைச் சொன்னார். திருத்திவிட்டு, லூப்பை மீண்டும் ஓடவிட்டேன்.